தோளில் அரை இஞ்ச்

பொய் சொல்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. சொன்ன பொய்யைத் தீனி போட்டு வளர்ப்பதுதான் பெரும்பாடு. மேஸ்திரி வீட்டில் ஏழு மாதமாக அந்தப் பாடுதான் நடந்துகொண்டிருக்கிறது.

மேஸ்திரி என்றதும் கொத்துவேலை மேஸ்திரி என்று நினைத்துவிட வேண்டாம். கார், வேன், லாரி எதுவானாலும் சீட் கவர் தைத்துக் கொடுப்பவள். வீட்டுக்குக் கீழேயே கடை, இரண்டு மெஷின், வேலைக்கு இரண்டு பெண்கள். தெருவே அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். தாலி கட்டிய புருஷனும் அப்படித்தான்.

புருஷன் கண்ணாடிக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற தொழில். அவர் தினமும் விரல்நுனியில் தூசி பார்க்கிற மனுஷன். எறும்பை மிதித்தால்கூட ஒரு நிமிடம் நின்று வருத்தப்படுவார். அப்படிப்பட்டவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடம்பு முழுக்கத் தோல் சூட் மாட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் ட்ராக்கில் காது கிழிய பைக் ஓட்டுவார். பந்தயம் இல்லை, பரிசு இல்லை. போன தடவை எடுத்த வளைவை இந்தத் தடவை இன்னும் சுத்தமாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பைக் ட்ராக்கிலேயே ஒரு கொட்டகையில் இருந்தது. வீட்டில் அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவைப் பொறுத்தவரை அந்த ஞாயிறுகள் கண்ணாடிக்காரர் சங்கக் கூட்டங்கள்.

ஏழு மாதத்துக்கு முன் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்காவது வளைவில் பைக் ஒரு பக்கம் போக, இவர் ஒரு பக்கம் போனார். வலது மணிக்கட்டு நொறுங்கியது, தோளைத் தாங்கும் எலும்பு இரண்டாகப் போனது, விலா மூன்று. ஆஸ்பத்திரி வாசலில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றிருந்த மேஸ்திரியிடம், என்ன ஆச்சு என்று, வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்த மாமியார் போனில் கேட்டார். அவள் வாயில் வந்தது மாடிப்படி. "வழுக்கி விழுந்துட்டார் அத்தை."

அன்றிலிருந்து மாமியாருக்கு அந்தக் கடைப் படிக்கட்டு ஜென்ம விரோதி. முதல் வாரம் கைப்பிடிக் கம்பி வந்தது. அடுத்த வாரம் புது விளக்கு வந்தது. இப்போது தினமும் படியைத் துடைத்துவிட்டு, காயும்வரை யாரையும் இறங்க விடாமல் காவல் நிற்கிறார். ஒரு பாவமும் அறியாத பதினெட்டுப் படிகள்.

போன வாரம் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கண்ணாடிக்காரர் அந்தக் காகிதத்தை மேஸ்திரியின் கட்டிங் மேஜையில் வைத்தார். நீ வேண்டாம் என்றால் பைக்கை விற்றுவிடுகிறேன், அதன்பிறகு அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன் என்றார். சொன்னால் சொன்னதுதான் அவர். அதுதான் அவளுக்குப் பயம். ஒரு வார்த்தையில் ஒரு மனுஷனின் ஆசையை மூட்டை கட்டும் அதிகாரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அவர்பாட்டுக்கு லென்ஸ் தேய்க்கப் போய்விட்டார்.

"ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். பார்த்துட்டு, சாயந்திரம் சொல்றேன்" என்றாள் மேஸ்திரி.

வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் மனசுக்குள் முடிவு. விழுந்த பயம் மட்டும் காரணமில்லை. அதைவிடப் பழைய முள் ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், ட்ராக்கிலிருந்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தவர் சொன்னார்: "அங்க உள்ள போயிட்டா எதுவுமே ஞாபகம் வராது மேஸ்திரி. கடை, வீடு, நீ, எதுவும்." அவர் சந்தோஷத்தில் சொன்னார். அவளுக்கு அது தொண்டையில் சிக்கிய மீன்முள். நம்மை மறக்கத்தானா ஒரு மனுஷன் அவ்வளவு தூரம் போகிறான்?

இத்தனைக்கும் இந்த ஏழு மாதம் அவரைத் தூக்கி நிறுத்தியது அவள்தான். சட்டைப் பொத்தான் போட்டாள், ஷூ கட்டினாள், இடது கையால் அவர் எழுதிய கோணல் பில்களை வாடிக்கையாளர்களுக்குப் படித்துச் சொன்னாள். விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க பந்து வாங்கச் சொன்னபோது, பந்து எதற்கு என்று கடை ஸ்பாஞ்சில் உருண்டை வெட்டிக் கொடுத்தாள். முதலில் கார் சீட்டுக்குப் போடும் வெள்ளை, மெத்தென்று இருக்கும். அது பழகியதும் வேன் சீட்டின் மஞ்சள். போன மாதம் லாரி சீட்டுக்குப் போடும் கறுப்பு. அதை நசுக்க நல்ல கைக்கே மூச்சு வாங்கும். கறுப்பை முதல்முதலில் முழுசாக நசுக்கிய அன்று அவர் கண் கலங்கிவிட்டது. இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினுக்கு எண்ணெய் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போதே மாமியார் படியடியில் நின்றிருந்தார். சங்கக் கூட்டத்துக்கு நீ எதற்கு என்று கேட்டார். இந்தத் தடவை குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று மேஸ்திரி இன்னொரு பிடி தீனியைப் போட்டாள்.

"சரி, போயிட்டு வாங்க. ஏம்மா, கடையில மிச்சம் மீதி ஸ்பாஞ்ச் இருக்கா? படி ஓரத்துக்கெல்லாம் ஒட்டிடலாம்னு பார்க்கிறேன். இன்னொரு தடவை விழுந்தாலும் எலும்பு தப்பிக்கும்."

"பரண்ல ஒரு மூட்டை இருக்கு அத்தை, எடுத்துக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரி காரைக் கிளப்பினாள்.

*

அந்த ட்ராக்கில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விழுந்து ஆம்புலன்ஸில் போனவர் யாரானாலும், திரும்ப பைக் ஏறுவதற்கு முன், விழுந்த அதே வளைவில் ஒரு நாள் முழுக்கக் கொடி பிடித்து நிற்க வேண்டும். யாராவது விழுந்தால் பின்னால் வருபவர்கள் வேகம் குறைக்க மஞ்சள் கொடியை ஆட்ட வேண்டும். விழுந்தவர் பத்திரமாக வெளியே வரும்வரை நிறுத்தக்கூடாது. டாக்டர் காகிதம் எல்லாம் அதற்கப்புறம்தான் செல்லும்.

நான்காவது வளைவு பார்க்க அப்பாவியாக இருந்தது. மேஸ்திரி அதைப் பெரிய பள்ளத்தாக்கு மாதிரி கற்பனை செய்து வைத்திருந்தாள். இதுவோ சாதாரணத் தார் ரோடு, ஓரத்தில் புல், அதன்பின் அடுக்கி வைத்த பழைய டயர்கள். டயர்களுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். அதன் மேலுறை கோணலாகத் தைத்திருந்தது. யார் கைவேலையோ என்று அந்த நிலைமையிலும் அவளுக்கு எரிச்சல் வந்தது.

கண்ணாடிக்காரர் முன்னால் ஒரு சிறு மேடையில், சுருட்டிய கொடியை வலது கையில் பிடித்து நின்றார். பைக்குகள் ஒவ்வொன்றாக வந்து, சாய்ந்து, முழங்கால் தரையை உரசத் திரும்பிப் போயின. சத்தத்தில் அவள் உட்கார்ந்த ஸ்டூல் அதிர்ந்தது. மணிக்கு ஒரு தடவை அவர் திரும்பி அவளைப் பார்த்தார். தண்ணீர் குடித்தாயா என்று சைகையில் கேட்டார். வேலையைப் பாருங்கள் என்று அவளும் சைகையிலேயே திட்டினாள்.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அது நடந்தது. பச்சை பைக் ஒன்று வளைவுக்குள் சாய்ந்தது, பின்சக்கரம் வழுக்கியது, ஓட்டியவன் தார்மேல் சறுக்கிக்கொண்டே போய் நடுவிலேயே கிடந்தான்.

மேஸ்திரி எழுந்து நின்றாள். எழுந்தது அவளுக்கே தெரியாது.

கண்ணாடிக்காரர் கொடியை விரித்து ஆட்டத் தொடங்கியிருந்தார். தலைக்கு மேலே, கை முழுசாக நீண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. அடுத்து வந்த பைக் கொடியைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, விழுந்தவனைச் சுற்றிப் பதமாகப் போனது. அதற்கடுத்ததும் அப்படியே. ஒவ்வொருவரும் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்கள், பார்த்துவிட்டோம் என்று. ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. அவர் சட்டை வலது பக்கம் வேர்வையில் ஒட்டிக்கொண்டது. தோள் நடுங்குவது பின்னாலிருந்து பார்த்த அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கொடியை இடது கைக்கு மாற்றுங்களேன் என்று வாய்வரை வந்தது. அவர் மாற்றவில்லை. மாற்றுகிற அந்த ஒரு நொடியில் ஒரு பைக் வந்துவிட்டால்?

நான்கு நிமிடம். விழுந்த பையன் தானே எழுந்து, நொண்டிக்கொண்டு புல்லுக்கு வந்தபிறகுதான் கொடி இறங்கியது.

மேஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு மாதமாக அவள் கனவில் வந்த காட்சியில் புருஷன் ரோட்டில் தனியாகக் கிடப்பார். தனியாகக் கிடக்கவில்லை. இதே இடத்தில் யாரோ ஒருவர், முகம்கூட அவளுக்குத் தெரியாது, இப்படித்தான் கை வலிக்க வலிக்க நின்றிருக்கிறார். வந்தவர்கள் எல்லாம் இப்படித்தான் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் இத்தனை நாளாக ஒரு நன்றி சொல்லவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

*

ஆம்புலன்ஸிலிருந்து ஒரு நர்ஸ் இறங்கி வந்து பையனின் முழங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிராய்ப்புதான், போய்ச் சாப்பிடு என்று அனுப்பினார். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் பெரிய கத்திரிக்கோல் தொங்கியது. ட்ராக்கில் அவருக்கு அதுதான் பெயர், கத்திரிக்கோல். அடிபட்டவர்களின் சூட்டை வெட்டிக் கழற்றுகிறவர் அவர்தான்.

மேஸ்திரிக்குக் கேட்க ஒன்று இருந்தது. பரணில் கிடக்கும் சூட்டை இந்த ஏழு மாதத்தில் பத்துத் தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பாள். அந்த வெட்டு அவளுக்குப் புரியவே இல்லை. மணிக்கட்டில் தோலைக் குறுக்கே ஒன்றரை இஞ்ச் வெட்டியிருந்தது, அவசரமாக, முரட்டுத்தனமாக. அங்கிருந்து வெட்டு சட்டென்று திரும்பித் தையல்மேல் ஏறி, கழுத்துவரை நூலை மட்டும் அறுத்துக்கொண்டு போயிருந்தது. தோலில் ஒரு கீறல் இல்லை. தைக்கத் தெரிந்தவள் பிரித்த மாதிரி.

தான் யார் என்று சொல்லிவிட்டு, அதைக் கேட்டாள். நர்ஸ் அவளை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதான் மேஸ்திரியா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் வழக்கம்போல குறுக்கதான் கத்திரியை வெச்சேன். அவர் கத்திட்டார். எங்க வலிக்குதுன்னு கேட்டேன். வலிக்காக இல்லைங்க, குறுக்க வெட்டாதீங்க, தையல் ஓரமாப் போங்க, மேஸ்திரிகிட்ட கொடுத்தா தைச்சுடலாம்னார். இது யாருடா மேஸ்திரின்னு நினைச்சேன். வண்டியில போற வழியெல்லாம் அதே பேச்சுதான். மேஸ்திரிக்குச் சொல்லியாச்சா, மேஸ்திரி பயந்துடுவா, ஞாயித்துக்கிழமை நான் வராம மேஸ்திரி சாப்பிட மாட்டா. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, சம்சாரம்னு."

நர்ஸ் கத்திரிக்கோலை இடுப்பில் சரியாக மாட்டிக்கொண்டார்.

"மூணு எலும்பு, நாலு எலும்பு உடைஞ்சவங்களை நிறையப் பார்த்திருக்கேன்மா" என்றார் நர்ஸ். "சில பேருக்கு அவங்க பேரே ஞாபகம் வராது. இவர் உங்களைத் தவிர வேற எதையும் சொல்லலை."

மேஸ்திரி அழுதாள். கடையில் விரலில் ஊசி ஏறியபோதுகூட அழாதவள், டயர் அடுக்கின்மேல் கையை ஊன்றி நன்றாக அழுதாள். நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது. எலும்பு உடைந்து கிடக்கிற நேரத்தில் தையல் ஓரமாம்.

இவர் விழுந்த அன்றைக்குக் கொடி பிடித்தவர் யார் என்று கேட்டாள். அவரும் முன்பு இதே வளைவில் விழுந்தவர்தான், அன்று அவர் முறை, வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார் நர்ஸ். நர்ஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மேஸ்திரி நன்றி சொன்னாள். சொன்னது போதவில்லை என்று தோன்றியது. திறந்திருந்த ஆம்புலன்ஸுக்குள் எட்டிப் பார்த்தாள். நர்ஸ் உட்காரும் சீட் கிழிந்து, ஸ்பாஞ்ச் பிதுங்கிக்கொண்டிருந்தது. வண்டியை வருகிற வாரம் என் கடைக்கு அனுப்புங்கள் என்றாள். நர்ஸ் எவ்வளவு ஆகும் என்று ஆரம்பித்ததை முடிக்கவே விடவில்லை.

*

சாயந்திரம் கடைசி பைக்கும் போய்விட்டது. கண்ணாடிக்காரர் கொடியைச் சுருட்டி ஒப்படைத்துவிட்டு, காரருகே வந்து நின்றார். வலது கை தொங்கியது. என்ன முடிவு என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் நிற்பதுதான் அவர் கேட்கிற விதம்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "பகல் பூரா நின்னு யோசிச்சேன். இந்தக் கை மேல போகுதுன்னா அது நீ கொடுத்த கை. டாக்டர் ஆணி அடிச்சார், அவ்வளவுதான். நீ வேண்டாம்னா எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது மேஸ்திரி. நிஜமா."

"ட்ராக்குக்குள்ள போனா என் ஞாபகமே வராதுன்னு ஒருநாள் சொன்னீங்களே. ஞாபகம் இருக்கா?"

அவர் முகம் வாடிவிட்டது. அப்படியா சொன்னேன் என்றார்.

"ஆம்புலன்ஸ்ல என்ன பேசினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

ஊசி போட்டுவிட்டார்கள், ஒன்றுமே நினைவில்லை என்றார் அவர். மேஸ்திரி அதற்கு மேல் கேட்கவில்லை. நினைவில்லாமல் சொன்னதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கைப்பையைத் திறந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள்.

"திரும்பி நில்லுங்க. தோளைத் தளர்த்துங்க."

கழுத்து நடுவிலிருந்து இடது தோள் முனைவரை அளந்தாள். பிறகு வலது. இரண்டு தடவை அளந்தாள். மாதக்கணக்கில் அவர் சட்டை ஒரு பக்கமாகச் சரிவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தெரிந்த விஷயம்தான்; இப்போது டேப்பும் சொன்னது.

"வலது தோள் அரை இஞ்ச் குறையுது."

"டாக்டர் எல்லாம் சரியா இருக்குன்னாரே?"

"அவர் படத்தைப் பார்த்தார். நான் உங்களைப் பார்க்கிறேன். சூட்டைப் பழைய அளவுக்கே தைச்சா தோள்ல லூசா நிக்கும். விழுந்தா தோளைக் காப்பாத்த உள்ள வெச்சிருக்கிற பேடு நகர்ந்துடும். அரை இஞ்ச் உள்ள பிடிச்சுத் தைக்கணும்."

அவர் மெதுவாகத் திரும்பினார். லென்ஸில் தூசி தேடுகிற மாதிரி அவள் முகத்தையே பார்த்தார். பிறகு புரிந்தது. வலது கையைத் தூக்கி அவள் தலைமேல் வைத்தார்.

"மறுபடி விழுவேன்னு முடிவே பண்ணிட்டியா?" என்று கேட்டார்.

"வாயை மூடிட்டு வண்டியில ஏறுங்க" என்று டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

பாதி வழி வந்தபோது, சூட் எங்கே இருக்கிறது, இன்றைக்கே எடுத்துப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். குழந்தை மாதிரி அவசரம்.

"பரண்லதான் இருக்கு. ஸ்பாஞ்ச் மூட்டைக்குள்ள..." என்ற மேஸ்திரியின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த வேன்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான்.

*

வீட்டுக்கு வந்தபோது கடைப் படிக்கட்டில் புது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதினேழு படிகளின் ஓரத்திலும் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது, வெள்ளையும் மஞ்சளும் கறுப்புமாக, அழகாக வெட்டி. கீழ்ப்படி மட்டும் வெறுமனே இருந்தது. மாமியார் அதில்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் தோல் சூட் விரிந்து கிடந்தது. வெட்டிய கை ஒரு பக்கம் தொங்க, முழங்காலில், தார் ரோட்டை உரசி உரசித் தேய்ந்துபோன பிளாஸ்டிக் கட்டையை அவர் விரல் தடவிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் கார்க் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

மாமியார் மகனைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார், அவள் கழுத்தில் இன்னும் தொங்கிய இஞ்ச் டேப்பைப் பார்த்தார். நகர்ந்து, தன் பக்கத்தில் படியில் இடம் விட்டார்.

"உட்காரும்மா" என்றார். "முதல்ல இருந்து சொல்லு. படிக்கட்டுல இருந்து வேண்டாம்."